அம்மா அப்பாவின் பண விஷயங்களைப் பார்க்க ஒருவரை நியமிப்பது எப்படி: மலையகக் குடும்பங்களுக்கு

நான் ஹட்டனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். ஐயா நொத்தாரிசும்கூட, அதாவது பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்த அனுமதி பெற்றவர். உறுதி, சத்தியக்கடதாசி, மரண சாசனம், அற்றோணித் தத்துவம் எல்லாமே முதலில் என் மேசைக்குத்தான் வரும். வந்தவர்களை உட்கார வைத்து விவரம் கேட்டு எழுதுவது என் வேலை. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் குடும்பங்களில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குவார்கள்: "அம்மாவுக்கு ஏலாமப் போச்சு. பேங்க் வேலையெல்லாம் நான்தான் பாக்குறேன். ஒரு பவர் எழுதிக் குடுத்துருங்க."

நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எது ஏலாமப் போச்சு? காலா, ஞாபகமா?" என்பது. கால் என்றால் வேலை நடக்கும். ஞாபகம் என்றால், பெரும்பாலும் பிந்திவிட்டார்கள்.

இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்ல விரும்புகிறேன். பவர் என்று நாம் சொல்லும் அற்றோணித் தத்துவம், நமக்காக வேலை பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கும் பத்திரம். அதைக் கொடுப்பவர், தான் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். புத்தி தெளிவில்லாதவரின் கையைப் பிடித்து விரலடையாளம் வைத்தால் அந்தப் பத்திரத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. தெளிவாக இருக்கும்போது எழுதிய பத்திரமும், அவருடைய புத்தி முழுதாகத் தவறிய பிறகு செல்லாது. சில நாடுகளில் அதற்குப் பிறகும் நீடிக்கும் வகைப் பத்திரம் இருக்கிறது; வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு இங்கே கேட்பார்கள். நம் நாட்டில் அந்த வசதி கிடையாது. புத்தி தவறியவரின் சொத்தைப் பார்க்க வேண்டுமென்றால், 1889ஆம் ஆண்டின் சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட்டு, வைத்தியர் சாட்சியம் வைத்து, நீதிமன்றமே ஒரு முகாமையாளரை நியமிக்க வேண்டும். செலவும் அலைச்சலும் அதிகம். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும்.

ஆகவே அம்மா இன்னும் சந்தைக்குப் போய் மிச்சக் காசை எண்ணி வாங்கும் காலத்திலேயே இதைப் பேசுங்கள். பேசுவது கூச்சமாகத்தான் இருக்கும். "நான் செத்துருவேன்னு நெனைக்கிறியா?" என்று கேட்பார்கள். அப்போது சொத்தைப் பற்றி எடுக்காமல், "நீங்க ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் படுத்தா மருந்துக்குக் காசு யார் எடுக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து பேச்சு சுலபமாக நகரும்.

முதலில், பவர் தேவையா?

பலருக்குத் தேவையில்லை. நான் இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்புவது ஐயாவுக்கும் தெரியும். அவரும் அதையே சொல்வார்.

ஒரே ஒரு வேலைக்காக, அதாவது ஒரு ஆவணத்தை வாங்கி வர, ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டு வர, ஆள் வேண்டுமென்றால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதியும் போதும் என்று பல அலுவலகங்களில் சொல்வார்கள். போகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கணக்கில் மட்டும் இன்னொருவர் பணம் எடுக்க வேண்டுமென்றால், அதற்கென்று வங்கியின் சொந்தப் படிவம் இருக்கிறதா என்று கிளையில் விசாரியுங்கள்.

கூட்டுக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை அதுதான்: "மகன் பேரையும் சேர்த்துருங்க." சேர்ப்பது சுலபம். ஆனால் சேர்த்த அன்றிலிருந்து அவர் அந்தக் கணக்கின் சொந்தக்காரர்களில் ஒருவர். இருவரில் யாரும் தனியாக எடுக்கலாம் என்று எழுதியிருந்தால் முழுத் தொகையையும் அவர் ஒரே நாளில் எடுக்கலாம். வங்கி யாரையும் கேட்காது. பவர் கொண்டவர் எடுத்தால், "என் அம்மாவுக்காக எடுத்தேன்" என்று கணக்குக் காட்டும் கடமை அவருக்கு உண்டு. கூட்டுக் கணக்கில் அப்படிக் கேட்பது கஷ்டம். அம்மா இல்லாமல் போன பிறகு, மற்றப் பிள்ளைகளுக்கும் பெயர் சேர்க்கப்பட்டவருக்கும் நடுவில் வரும் சண்டைகள் பல இந்த ஒற்றைப் படிவத்திலிருந்து பிறந்தவை. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் சேமலாப நிதிப் பணம் முழுவதையும் ஒரு பிள்ளையோடு கூட்டுக் கணக்கில் போடாதீர்கள். மாதச் செலவுக்கு ஒரு சிறிய கூட்டுக் கணக்கும், பெரிய தொகைக்கு அம்மாவின் பெயரில் மட்டும் ஒரு நிலையான வைப்பும் வைத்தால் பாதி வீடுகளில் பவருக்கே வேலை இருக்காது.

பின்னுரித்தாளரை, அதாவது நொமினியை, நியமிப்பது வேறு விஷயம். அவர் கணக்குக்காரர் இறந்த பிறகு பணத்தைப் பெறுபவர். உயிரோடு இருக்கும்போது அவருக்கு ஒரு சதம்கூட எடுக்கும் உரிமை இல்லை. "நான்தான் நொமினி, அதனால் அம்மாவின் பணத்தை எடுக்கலாம்" என்று நினைத்து வங்கியில் வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு: பவர் வாழும் காலத்துக்கு, நொமினி அதற்குப் பிறகு.

ஏடிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பேரனிடம் கொடுத்து வைப்பதுதான் இன்று பல வீடுகளில் நடக்கும் நியமனம். இலக்கத்தை நாமே கொடுத்தோம் என்றால் பணம் போன பிறகு வங்கியிடம் முறையிட முடியாது. கடைக் கடனுக்காக அட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பதை அடியோடு நிறுத்துங்கள். அப்படிக் கொடுத்திருப்பவர்கள் நாளைக்கே வங்கிக்குப் போய் அந்த அட்டையை நிறுத்திப் புதிய அட்டை எடுங்கள். கடனைத் தனியாகப் பேசித் தீர்க்கலாம்.

யாரை நியமிப்பது

மூத்த மகன் என்பதற்காக மட்டும் ஒருவரை நியமிக்காதீர்கள். அதிகப் பாசம் காட்டும் பிள்ளை என்பதும் போதாது. பார்க்க வேண்டியது, அந்த ஆள் இதுவரை மற்றவர் பணத்தை எப்படிக் கையாண்டார் என்பதுதான். கோயில் திருவிழாக் கணக்கை எழுதியவரா? சீட்டுப் பிடித்து ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவரா? கடைக்கு அனுப்பினால் துண்டோடும் மிச்சக் காசோடும் வருபவரா? துண்டோடு வரும் பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள், அவர் நான்காவது மகளாக இருந்தாலும்.

நுண்கடனில் சிக்கியிருப்பவர், வாரா வாரம் தவணை கட்டத் திணறுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தப் பொறுப்பை அவர் தலையில் வைக்காதீர்கள். அவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. கையில் வேறொருவர் பணம் இருக்கும்போது கடன்காரர் வாசலில் நின்றால் மனிதனுக்கு வரும் சோதனை பெரிது. அந்தச் சோதனையை நாமே உண்டாக்கிக் கொடுப்பது அவருக்கும் செய்யும் அநியாயம். குடிப்பழக்கம் உள்ளவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தூரத்தையும் பாருங்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும்தான் வருவார் என்றால், மாதா மாதம் மருந்துக்குப் பணம் எடுக்க அவர் பெயரில் பவர் இருந்து பயனில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்த மகள் இருக்கிறாளா, அவளுக்கு வங்கிக்குப் போய்ப் பேசும் தைரியம் இருக்கிறதா என்று பாருங்கள். மருமகன் ஆட்சேபிப்பாரா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வீட்டுக்குள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டால் அது பிறகு வழக்காக வரும்.

வெளியாளை நியமிப்பதானால் மிகவும் யோசியுங்கள். தோட்டத் தலைவர், கடை முதலாளி, காணித் தரகர் போன்றோர் "நான் எல்லாம் பாத்துக்குறேன்" என்று முன்வருவார்கள். உதவி மனதோடு வருபவர்களும் உண்டு. ஆனால் உங்களுக்குக் கடன் கொடுத்தவருக்கோ, உங்கள் காணியை வாங்க நினைப்பவருக்கோ பவர் கொடுக்கவே கூடாது. பத்திரத்தில் "மீளப்பெற முடியாத" என்ற சொல் எங்காவது வந்தால் பேனையைக் கீழே வைத்துவிட்டு, வேறொரு சட்டத்தரணியிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஒருவரிடம் பவரும், இன்னொருவரிடம் கணக்குப் பார்க்கும் உரிமையும் இருப்பது நல்ல ஏற்பாடு. மகள் பணத்தை எடுப்பாள், மகன் ஒவ்வொரு மாதமும் வங்கிப் புத்தகத்தைப் பார்ப்பான் என்று பத்திரத்திலேயே எழுதலாம். இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்றும் எழுத முடியும். ஆனால் ஒருவர் கண்டியிலும் ஒருவர் டிக்கோயாவிலும் இருந்தால் அவசரத்துக்குப் பணம் எடுக்க முடியாது. எனக்குப் பிடித்தது முதல் வழி.

என்ன எழுதுவது

பொது அற்றோணித் தத்துவம் என்றால் வங்கி, காணி, வழக்கு, கடன் என்று எல்லாவற்றுக்கும் அதிகாரம். விசேட அற்றோணித் தத்துவம் என்றால் பெயர் சொல்லிக் குறித்த வேலைகளுக்கு மட்டும். "பொதுவா எழுதிருங்க, பிறகு அலைய வேணாம்" என்பார்கள். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பலர் வீட்டை இழந்திருக்கிறார்கள். என் எண்ணத்தில், தோட்டத்து முதியவர்களுக்குத் தேவையானது எப்போதும் விசேடப் பத்திரம்தான். தேவை வந்தால் இன்னொன்று எழுதலாம்.

அதிகாரப் பந்தி இந்த மாதிரி இருக்க வேண்டும்: "ஹட்டன் கிளையில் எனது பெயரிலுள்ள இன்ன இலக்கச் சேமிப்புக் கணக்கிலிருந்து, மாதமொன்றுக்கு ரூபா 30,000க்கு மேற்படாத தொகையை, எனது உணவு, மருந்து, மருத்துவச் செலவுகளுக்காக எடுப்பதற்கும், அக்கணக்கின் கூற்றுகளைப் பெறுவதற்கும்." தொகையை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அனுமதித்தால் இன்ன தொகை வரை அதிகமாக எடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் அவசரத்துக்கு உதவும்.

அதைவிட முக்கியமானது செய்யக்கூடாதவற்றின் பந்தி. நான் தட்டச்சு செய்வது இப்படி: "எனது காணி, வீடு, நகை எதனையும் விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடையாக எழுதவோ, எனது பெயரில் கடன் பெறவோ, பிறர் கடனுக்குப் பிணை நிற்கவோ, எனது கணக்குகளின் பின்னுரித்தாளரை மாற்றவோ இவருக்கு அதிகாரமில்லை." இந்த ஒரு வாக்கியம் இருந்தால் பாதிப் பயம் போகும்.

காணி உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசியம். தோட்டத்து வரிசை வீடான லயன் காம்பிராவில் இருந்தவரை நம்மிடம் எழுதிக் கொடுக்க நிலமே இருக்கவில்லை. இப்போது ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று வீட்டோடு காணி உறுதி பெற்ற குடும்பங்கள் இருக்கின்றன. நம் மக்கள் தலைமுறைகளாகக் காத்திருந்து பெற்ற நிலம் அது. மருந்துக்குப் பணம் எடுக்க எழுதும் பத்திரத்தில் அது தவறியும் சேரக்கூடாது.

அடகில் நகை இருந்தால் அதை மீட்பதற்கு மட்டும் அதிகாரம் கொடுத்து, அடகுத் துண்டின் இலக்கத்தையும் எழுதுங்கள். மீட்ட நகை யார் கையில் போய்ச் சேர வேண்டும் என்பதையும். பத்திரத்துக்கு முடிவுத் திகதி ஒன்று போடுவதும் நல்லது. இரண்டு வருடம் என்று வைத்தால், அந்த நேரத்தில் உட்கார்ந்து மறுபடி யோசிக்க ஒரு வாய்ப்பு வரும்.

நொத்தாரிசிடம் போகும் நாள்

அற்றோணித் தத்துவத்துக்கு 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தினார்கள். ஆகவே பக்கத்து வீட்டு அண்ணன் பத்து வருடத்துக்கு முன் எழுதிய பத்திரத்தைப் பிரதி எடுத்து வந்து "இதே மாதிரி" என்று கேட்காதீர்கள். இப்போதைய படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சமாதான நீதவான் கையெழுத்திட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஜே.பி. சத்தியக்கடதாசியை உறுதிப்படுத்தலாம், பவர் எழுத நொத்தாரிசிடம் போங்கள்.

மொழியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நொத்தாரிசுக்கு அனுமதி கிடைப்பது குறித்த மொழிக்குத்தான். தமிழில் அனுமதி உள்ளவர்தான் தமிழில் எழுதி அத்தாட்சிப்படுத்த முடியும். மலையக நகரங்களில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அனுமதி உள்ளவர்களும் இருக்கிறார்கள். பணம் கொடுக்கும் முன், "ஐயா, தமிழில் எழுதுவீங்களா?" என்று கேளுங்கள். வேறு மொழியில்தான் எழுத வேண்டியிருந்தால், கையெழுத்துக்கு முன்பே வரிக்கு வரி தமிழில் சொல்லக் கேட்டு, ஒரு தமிழ்ப் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்குப் பத்திரத்தை வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்தோ விரலடையாளமோ வாங்க வேண்டும் என்பது நொத்தாரிசின் சட்டக் கடமை. அதை உபகாரமாக நினைத்துத் தயங்காதீர்கள். "ஐயா, இன்னொரு தடவ வாசிங்க" என்று கேட்க அம்மாவுக்கு முழு உரிமை இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில், வாசித்து முடித்த பிறகு நான் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்வேன். அம்மாவிடம் தனியாகக் கேட்பேன்: "மகளுக்கு என்ன குடுக்கிறீங்க? வீட்ட விக்கலாமா அவ?" ஒரு அம்மா, "விக்கக் கூடாதுன்னு எழுதிருக்கீங்கல்ல, அதான் போடுறேன்" என்றார். அந்தப் பதில் போதும். "எனக்குத் தெரியாது, புள்ள சொன்னான்" என்று வந்தால் ஐயா அன்றைக்குக் கையெழுத்து வாங்க மாட்டார். உங்கள் நொத்தாரிசு இதைச் செய்யாவிட்டால், நீங்களே செய்யச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையான பிள்ளைக்கு அதில் நட்டமில்லை.

சாட்சிகள் இருவர் வேண்டும். கையெழுத்திடுபவரை நொத்தாரிசுக்குத் தெரியாவிட்டால் சாட்சிகளுக்காவது அவரை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நகரத்தில் நிற்கும் யாரோ இருவரைப் பிடித்து வராமல், ஓய்வு பெற்ற ஆசிரியர், தோட்ட வைத்தியசாலையில் வேலை செய்பவர் போன்ற, அம்மாவைப் பல வருடமாகத் தெரிந்த இருவரைக் கூட்டி வாருங்கள். பவர் பெறுபவரின் கணவனோ மனைவியோ சாட்சி நிற்காமல் இருப்பது நல்லது. அம்மா வயது முதிர்ந்தவர் அல்லது நோயாளி என்றால், தெளிவான புத்தியோடு இருக்கிறார் என்று வைத்தியரிடம் ஒரு கடிதம் அந்த வாரமே வாங்கிவிடுங்கள். நடக்க முடியாதவர் என்றால் நொத்தாரிசு வீட்டுக்கே வர முடியுமா என்று கேளுங்கள். ஐயா லயத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்ததும் உண்டு.

பெயர்ப் பிரச்சினையைப் போகும் முன்பே தீர்க்க வேண்டும். நம் பக்கத்தில் இது இல்லாத குடும்பம் குறைவு. பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாய், தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் ராமையி, வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முன்னால், சேமலாப நிதி அட்டையில் கணவர் பெயர் பின்னால். தமிழ் தெரியாதவர்கள் காதால் கேட்டு எழுதிய பெயர்கள் இவை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, பல வருடங்களுக்குப் பிறகு பெற்றவர்களின் பத்திரங்களில் இன்னொரு எழுத்துக்கூட்டல் இருக்கும். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், எல்லாப் பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று சத்தியக்கடதாசி ஒன்று முடித்து, பவர் பத்திரத்திலும் "இன்ன பெயராலும் அழைக்கப்படும்" என்று எழுதச் சொல்லுங்கள். வங்கி எதைக் கேட்கும் என்று கிளையில் முன்பே விசாரியுங்கள். சில வேளை அடையாள அட்டையையே திருத்தச் சொல்வார்கள்.

இருவரின் தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு அளவுப் படங்கள், வங்கிப் புத்தகம், முகவரிக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று எல்லாவற்றையும் ஒரு கோவையில் கொண்டு போங்கள். கட்டணத்தை முதலிலேயே கேட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். அது 1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது, நீதிமன்றங்கள் உள்ள பல நகரங்களில் அதற்கு நிலையங்கள் இருக்கின்றன.

அதற்குப் பிறகு

பத்திரத்தைப் பதிவாளர் நாயகத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையை நொத்தாரிசிடமே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். பதிவான பிரதியைத்தான் வங்கி கேட்கும். முடிந்தால் அம்மாவும் ஒரு தடவை கூடவே வங்கிக்குப் போய் முகாமையாளரிடம் "இவதான் என் மக" என்று காட்டிவிட்டு வருவது பெரிய உதவி. பணம் எடுக்கும்போதெல்லாம் குறுஞ்செய்தி அம்மாவின் கைபேசிக்கு வரும்படி அப்போதே பதிவு செய்யுங்கள். அம்மாவிடம் கைபேசி இல்லையென்றால், பவர் இல்லாத இன்னொரு பிள்ளையின் இலக்கத்தைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

மூலப் பத்திரத்தை லயத்திலேயே வைக்காதீர்கள். 2014இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியதை நாம் மறக்க முடியாது. மழைக்காலத்தில் ஓடிப்போக வேண்டி வந்தால் உயிரைத்தான் காப்பாற்றுவோம், கோவையைத் தேட மாட்டோம். ஒரு பிரதி நொத்தாரிசிடம், ஒரு பிரதி நகரத்திலிருக்கும் பிள்ளையிடம், கைபேசியில் ஒரு படம் இருக்கட்டும்.

பவர் பெற்ற பிள்ளைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். இடது பக்கம் எடுத்த பணம், வலது பக்கம் செலவு, மருந்துத் துண்டையும் பஸ் செலவையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அம்மாவின் பணத்தையும் உங்கள் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். உங்களுக்கு அவசரமென்று "அடுத்த மாசம் வச்சிருவேன்" என்று எடுப்பதும் கூடாது. அதிகாரம் அம்மாவின் தேவைக்கு மட்டும். மாதக் கடைசியில் கொப்பியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அண்ணன் தம்பிகள் கேட்கும் முன்பே காட்டினால் சந்தேகம் பிறக்காது. பிறந்த பிறகு அதைப் போக்கப் பத்திரத்தால் முடியாது.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊழியர் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் கட்டிய பணம் அது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் தொழில்கொள்வோர் கட்டுவார். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். ஐந்து வருடம் வேலை செய்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. பெரிய தொகை வாழ்க்கையில் ஒரே தடவை கைக்கு வருவது இந்த நேரத்தில்தான். அதை எடுக்கும்போது உடலில் பெலன் இருந்தால் உறுப்பினரே நேரில் போய்க் கையெழுத்திட்டு, தன் பெயரிலுள்ள கணக்கில் போடட்டும். "பென்சன் காசு வந்ததும் நான் பாத்துக்குறேன்" என்று யாராவது முன்கூட்டியே பவர் கேட்டால் கொடுக்காதீர்கள். அத்தோடு, நிதியில் பதிந்த பின்னுரித்தாளர் யார் என்று தொழில் அலுவலகத்தில் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்த, இன்று உயிரோடு இல்லாத தாயின் பெயர் இன்னும் அதில் இருக்கலாம்.

மத்திய கிழக்குக்குப் போகும் பெண்களுக்கு: விமானம் ஏறும் முன் இங்கேயே எழுதிவிடுங்கள். அங்கே போன பிறகு எழுத வேண்டுமென்றால் இலங்கைத் தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும். வேலை வீட்டிலிருந்து வெளியே விடாத எசமானர்கள் உண்டு. நீங்கள் அனுப்பும் பணம் ஒரு கணக்குக்கும், பிள்ளைகளின் செலவு அதிலிருந்து மாதாமாதம் இன்னொரு கணக்குக்கும் போகும்படி செய்து, இரண்டாவது கணக்குக்கு மட்டும் பவர் கொடுங்கள். சேமிப்பு உங்கள் பெயரில் தொடப்படாமல் இருக்கட்டும். கணவருக்குக் கொடுப்பதா அம்மாவுக்குக் கொடுப்பதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, பிள்ளைகள் யார் கையில் சோறு சாப்பிடுகிறார்களோ அவருக்கு என்று சொல்வேன்.

மனம் மாறினால்

கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வாயால் சொன்னால் போதாது. நொத்தாரிசிடம் இரத்துப் பத்திரம் எழுதி அதையும் பதிவு செய்யுங்கள். பவர் வைத்திருந்தவருக்குப் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். பத்திரத்தைக் காட்டிய ஒவ்வொரு வங்கிக்கும் அன்றே எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரை வாங்குங்கள். பதிவு முடியும்வரை காத்திருக்காமல் முதலில் வங்கிக்கு ஓடுங்கள்; பணம் போவது அந்த இடைவெளியில்தான். காணி சம்பந்தப்பட்டிருந்தால் பத்திரிகையில் ஒரு அறிவித்தலும் போடுவது வழக்கம். பிள்ளைகள் பணத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கே விடாத நிலை என்றால், முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது; பிரதேச செயலகத்தில் போய்க் கேளுங்கள்.

இறப்புக்குப் பிறகு

கொடுத்தவர் இறந்த நிமிடத்தில் பவர் முடிந்துவிடும். அதன் பிறகு அந்தப் பத்திரத்தைக் காட்டியோ, அட்டையைப் போட்டோ எடுக்கும் பணம், எவ்வளவு நியாயமான செலவுக்கு என்றாலும், அதிகாரமில்லாமல் எடுத்த பணம். இனி நொமினி, மரண சாசனம், நீதிமன்றம் என்ற வழிகள்தான். சாசனம் எழுத வேண்டியவர்கள் பவர் எழுதும் அதே நாளில் எழுதினால் ஒரே பயணத்தில் முடியும். இரண்டும் தனித்தனிப் பத்திரங்களாக இருக்க வேண்டும்.

சாவு வீட்டில் பணம் உடனே வேண்டும் என்பதுதான் பலரை அந்த இரவில் ஏடிஎம்முக்கு அனுப்புகிறது. பெட்டி, பந்தல், வந்தவர்களுக்குத் தேநீர், எட்டுச் செலவு எதுவும் காத்திருக்காது. மரணாதாரச் சங்கத்துக்குச் சந்தாவை விடாமல் கட்டுங்கள். அதற்கு மேல் வேண்டியதை, அம்மா உயிரோடு இருக்கும்போதே அவர் கையாலேயே எடுத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி ஒருவரின் பெயரில் தனிக் கணக்கொன்றில் போட்டு வையுங்கள். என்ன செலவுக்கு, எவ்வளவு என்று அதே சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கம் எழுதி, கீழே அம்மாவின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.